தோளும் பாலமும்

தோளைப் புகழாத புலவர் இல்லை. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய இடம் என்று எங்கள் ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே ஒரு மண்டபத்தைக் காட்டுவார்கள். இராமனின் தோளழகைச் சொல்லி அலுக்காத அந்த மகாகவிகூட, தோளுக்குள் நான்கு தசைநார்கள் எலும்பைக் குழியில் பிடித்து நிறுத்துகின்றன என்றோ, அதில் ஒன்று கிழிந்தால் மனிதன் தன் வேஷ்டியைத் தானே கட்டிக்கொள்ள முடியாது என்றோ பாடவில்லை. அந்தப் பாடத்தை என் வலது தோள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

கிழிந்த நாரைத் தைப்பது டாக்டரின் வேலை. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. அது எலும்போடு ஒட்டும்வரை காத்திருப்பது நம் வேலை. அதற்கு மாதக்கணக்காகும். முதல் நாலிலிருந்து ஆறு வாரம் கையைப் பட்டையில் தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். மல்லாந்து படுத்தால் வலி. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கவேண்டும். விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் அசைக்கலாம். தோளை மட்டும் பிறர் அசைத்துக் கொடுக்க வேண்டும். நாம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்பதை ஞானிகளும் நோயாளிகளும் அறிவார்கள்.

பிறகு குனிந்து நின்று கையைக் கடிகார ஊசல்போல் ஆடவிடும் பயிற்சி. 1934-ல் தோளைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதிய பாஸ்டன் டாக்டர் கோட்மனின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அதன் பின் ராட்டினத்தில் கயிறு மாட்டி, நல்ல கையால் இழுத்து நோயுற்ற கையை உயர்த்த வேண்டும். கிணற்றடி ராட்டினத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது மட்டும் பழகிய விஷயம்.

இதற்காக ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டித் தில்லைநகருக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் வலி அடங்கிவிட்டது. அபாயமான கட்டம் அதுதான். வலி போய்விடும், பலம் வந்திராது.

எழுபத்தொன்பது வயதான என் தாயார் என் வலது தோளைப் பற்றிக்கொண்டுதான் சந்நிதிக்கு நடப்பாள்.

"அதான் வலிக்கலைங்கறயே! என்னை அழைச்சுண்டு போயேண்டா" என்றாள் ஒரு நாள்.

"அம்மா, 1976-ல் திறந்த நம்ம பாலத்தை 2022 நவம்பர்லே மூடினாளே, ஞாபகமிருக்கா? இணைப்பையும் தாங்கியையும் மாத்தி, மறு வருஷம் மார்ச்சுலேதானே திறந்தா? அதுவரைக்கும் நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுத்திண்டுதானே போனோம்?"

"சரி, உன் பாலத்தை எப்போ திறப்பே?"

மூன்று மாதத்துக்குப் பிறகுதான் பலம் கூட்டும் பயிற்சி. பாரம் தூக்க ஆறு மாதம் ஆகலாம். முழுக்கத் தேற ஒரு வருஷம்கூடப் பிடிக்கலாம். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு ஒரு வருஷம் பெரிதல்ல. அவளுக்கு?

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, இடது தோளைப் பற்றினாள்.

"இந்தப் பக்கம் வழி திறந்துதானே இருக்கு? நட."