சிக்கிமுக்கிக் கல்லும் 209 பிரைமரும்

50 யார்டு தூரத்தில் சுட்ட இரண்டு இலக்குத்தாள்களை மேசையில் போட்டு, எது பழைய பாணித் துப்பாக்கி, எது புதியது என்று கேட்டால், குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்பதை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஓட்டையின் அகலத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். உருண்டை ஈயக்குண்டு போன ஓட்டை சற்றுப் பெரியது. பிளாஸ்டிக் உறைக்குள் போன குண்டின் ஓட்டை சிறியது. ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தாளோடு நின்றுவிடுகிறார்கள். தாள் வருவதற்கு முன்னால், சுடுதளத்து மேசையருகில் நடக்கும் வேலையில்தான் இரண்டும் பிரிகின்றன.

நான் சுடுவது பென்சில்வேனியாவின் கிழக்குப் பக்கத்தில், ஒரு சிறிய மன்றத்தின் சுடுதளத்தில். இரண்டு துப்பாக்கிகளும் .50 காலிபர். இரண்டிலும் குழலின் வாய்வழியேதான் மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டும். ஒன்று லங்காஸ்டர் பாணி நீளத்துப்பாக்கி: வரிவரியாக மின்னும் மேப்பிள் மரக்கட்டை, 42 அங்குலக் குழல், குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல். மற்றது ‘இன்லைன்’ என்கிற நவீன வகை: துருப்பிடிக்காத எஃகுக் குழல், பிளாஸ்டிக் கட்டை, மேலே தொலைநோக்கி, பின்னால் நேர்க்கோட்டில் பற்றவைக்கும் 209 பிரைமர்.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு நாட்டுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். காட்டோரத்தில் பயிரைக் காக்கவும், கொக்கு, காடை சுடவும் வைத்திருந்தது. அதன் குழல் உள்ளே வழுவழுப்பானது. பால்ரஸ் குண்டுகளைச் சிதறடிப்பது அதன் வேலை. நான் பேசுவது ரைஃபிள். குழலுக்குள் திருகுபோல ஓடும் பள்ளங்கள் ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும். ஜெர்மன் மொழி பேசும் கொல்லர்கள் தங்கள் நாட்டுக் குட்டையான, பருத்த யேகர் ரைஃபிளோடு 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தார்கள். லங்காஸ்டரிலும் சுற்றுவட்டாரத்திலும் அதை நீட்டி, மெலிய வைத்து, துளையைச் சிறிதாக்கினார்கள். காட்டுக்குள் மாதக்கணக்கில் போகிறவனுக்கு ஈயமும் மருந்தும் மிச்சமாக வேண்டும். என் துப்பாக்கிக்கான .490 அங்குலக் குண்டு ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறக்குறைய 39தான் தேறும்; துளை சிறியதாக இருந்தால் இன்னும் பல வார்க்கலாம்.

பழையதைக் கெட்டிக்கும் விதத்தைச் சொல்கிறேன். மருந்துக்கொம்பிலிருந்து கருமருந்தை நேராகக் குழலுக்குள் கொட்டக் கூடாது. முந்தைய சூட்டின் தணல் உள்ளே எங்கேனும் ஒட்டியிருந்தால் கொம்பே கையில் வெடிக்கும். அளவுக்குப்பியில் 70 கிரெயின் அளந்து அதைத்தான் கொட்ட வேண்டும். பிறகு குழல்வாயில் ஒரு துண்டுத் துணி. தலையணை உறைக்கு நெய்கிற கெட்டியான பருத்தித் துணி, மெழுகும் கொழுப்பும் கலந்து தடவியது. அதன்மேல் குண்டு. குண்டு துளையைவிட அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு சிறியது. அந்த இடைவெளியைத் துணி நிரப்பி, பள்ளத்தைக் கவ்விக்கொண்டு குண்டையும் சேர்த்துச் சுழற்றும். ஹிக்கரி மரத்தில் செய்த கெஜக்கோலால் அடிவரை தள்ளுகிறேன். கோலில் ஒரு கோடு கீறியிருக்கிறது. அந்தக் கோடு குழல்வாய்க்குச் சரியாக வந்தால்தான் குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழலே பிளக்கலாம்.

சுட்டதும் அந்தத் துணி சில யார்டு முன்னால் புல்லில் விழும். சுடுவதை எல்லோரும் நிறுத்தும் நேரத்தில் போய்ப் பொறுக்கி வருவேன். இலக்குத்தாளைவிட இதைத்தான் அதிக நேரம் பார்க்கிறேன். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் கருத்து, ஓரம் பிசிறில்லாமல் இருந்தால் எல்லாம் சரி. நடுவில் பொத்தல் விழுந்திருந்தால் துணி மெலிது, அல்லது கொழுப்பு போதவில்லை. வட்டத்தைச் சுற்றிக் கத்தியால் கீறியதுபோல வெட்டு இருந்தால், புதுக்குழலின் பள்ளவிளிம்புகள் இன்னும் கூர் மழுங்கவில்லை. குண்டுகள் தாளில் ஏன் சிதறின என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, கந்தலே சொல்லிவிடும்.

அடுத்தது கசடு. கருமருந்து எரிந்தால் பாதிக்குமேல் திடப்பொருளாகிறது; அதில் ஒரு பகுதி புகையோடு போக, மீதி குழலிலேயே தங்கிவிடும். பொட்டாசியம் உப்புகள்; ஈரத்தைக் குடிப்பவை. ஆகஸ்ட் புழுக்கத்தில் அது கூழாகிறது. ஜனவரிக் குளிரில் காய்ந்து ஓடுபோல இறுகுகிறது. அதனால் ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் எவ்வளவு ஈரமான துணியை விட்டுத் துடைப்பது என்பது அன்றைய வானிலையைப் பொறுத்தது. ஈரம் கூடினால் அடுத்த மருந்து நனையும். குறைந்தால் குண்டு பாதிவழியில் சிக்கும். இதற்கு அட்டவணை கிடையாது, கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு செய்தி இங்கே சொல்லத் தோன்றுகிறது. கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், வட மாநிலங்களுக்காகக் கருமருந்து ஆலைக்காரர் லமோ டு பாண்ட் லண்டனுக்குப் போய் அங்கிருந்த வெடியுப்பை மொத்தமாக வளைத்து வாங்கினார். அதெல்லாம் இந்தியாவிலிருந்து போனது. டிரெண்ட் கப்பல் விவகாரத்தால் அமெரிக்காவும் பிரிட்டனும் முறைத்துக்கொண்டபோது பிரிட்டன் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. பீகார் மண்ணைக் கரைத்துக் காய்ச்சிய உப்பு இல்லாமல் இந்த ஊர்ப் போர் நடந்திருக்காது என்று சுடுதளத்தில் நான் சொன்னால், பெரியவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் கதைக்குப் போய்விடுவார்கள்.

இனி பற்றவைப்பு. குழலின் பக்கவாட்டில் உள்ள கிண்ணியில் பொடிமருந்து, அதாவது ரஞ்சகம், சிறிதளவு இட்டு மூட வேண்டும். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து, கல் எஃகுத் தகட்டைச் சுரண்டும். எரிவது எஃகின் சீவல்தான், கல் வெறும் உளி. தீப்பொறி கிண்ணியில் விழ, ரஞ்சகம் பற்ற, அந்தத் தீ பக்கவாட்டுத் துளைவழியே உள்ளே போய் மருந்தைத் தொட வேண்டும். நல்ல பூட்டாக இருந்தால் இவ்வளவும் ஒரே சத்தமாகக் கேட்கும். ஆனாலும் இடையில் நொடியின் ஒரு சிறு பின்னம் கழிகிறது. மூக்குக்குச் சில அங்குலத்தில் தீ வெடிக்கிற நேரம் அது. ரஞ்சகத்தைத் துளையிலிருந்து விலக்கிக் குவிக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பார்கள். மின்னணுக் கருவி வைத்து அளந்தவர்கள் துளையை ஒட்டி இருந்தால்தான் சீக்கிரம் பற்றுகிறது என்கிறார்கள். நான் ஒட்டித்தான் வைக்கிறேன். இங்கிலாந்தின் பிராண்டன் பக்கத்துக் கறுப்புச் சிக்கிமுக்கிக் கல் எனக்குப் பிடிக்கும். விளிம்பு மழுங்கியதும் சிறு பித்தளைச் சுத்தியால் தட்டிக் கூராக்கினால் மறுபடி பொறி கொட்டும்.

எங்கள் அலுவலகத்து இளைஞன் ஒருவன், திருநெல்வேலிப் பக்கம், ஒருநாள் கூட வந்தான். இன்லைனில் சுட்ட மூன்று குண்டுகளும் ஒன்றையொன்று தொட்டபடி விழுந்தன. முகமெல்லாம் சிரிப்பு. பிறகு நீளத்துப்பாக்கியைக் கொடுத்தேன். தாளிலேயே படவில்லை.

“குறி சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி.”

“குறி சரிதாம்டே. குண்டு வெளிய போறதுக்கு முந்தி நீ தலையத் தூக்கிட்ட.”

நம்பவில்லை. குழலில் ஒன்றும் இல்லாமல் கிண்ணியில் மட்டும் ரஞ்சகம் இட்டுக் கொடுத்தேன். புஸ்ஸென்று தீ கிளம்பியதும் குழல்முனை ஒரு சாண் மேலே எழும்பியது. அதைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான். இன்லைனிலும் அவன் அப்படித்தான் தலையைத் தூக்கியிருப்பான். அதற்குள் குண்டு போய்விட்டதால் தெரியவில்லை.

நான் சொல்ல வந்ததும் இதுதான். பழைய துப்பாக்கியில் துல்லியம் ஒவ்வொரு சூட்டுக்கும் மேசையருகில் புதிதாகச் செய்யப்படுகிறது, செய்பவன் சுடுபவன். புதியதில் அந்த வேலையின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. 50 கிரெயின் மருந்து மாத்திரையாக வருகிறது, இரண்டைப் போட்டால் 100. துணிக்குப் பதில் பிளாஸ்டிக் உறை. கல்லுக்குப் பதில் ஷாட்கன் தோட்டாவுக்கென்று செய்த 209 பிரைமர், மழையிலும் பற்றும். ஆகவே இன்லைன் சரியாகச் சுடவில்லையென்றால் நான் மருந்தையோ உறையையோ மாற்றிப் பார்க்கிறேன். நீளத்துப்பாக்கி சரியாகச் சுடவில்லையென்றால் என்னைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்காக இன்லைனில் தலைவலி இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சில மாற்று மருந்துகள் 209 பிரைமரின் சூட்டில் எரியும்போது, குண்டு உட்காரும் இடத்தில் வளையமாக ஒரு கசடு இறுகும். இரண்டாம் குண்டு அங்கே முட்டி நிற்கும். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்தில் அந்தத் தொல்லை இல்லை, துடைக்காமலே பல சூடு போகலாம். ஆனால் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது, கரைப்பான் வேண்டும். கழுவும் விஷயத்தில் புதியது தெளிவாகவே மேல். பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றினால் குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வெளிச்சம் தெரியும். நீளத்துப்பாக்கியின் குழல் ஒருபக்கம் அடைத்தது. தீத்துளையில் பல்குச்சியைச் செருகி, சோப்புத் தண்ணீரை ஊற்றி, அழுகிய முட்டை வாடையோடு கறுப்பு நீரைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவ வேண்டும். அன்றிரவே செய்யாவிட்டால் காலையில் துரு.

இரண்டின் குண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். என் நீளத்துப்பாக்கியின் பள்ளம் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்லைனில் 28 அங்குலத்துக்கு ஒன்று. நீண்ட குண்டு தலைகுப்புற விழாமல் போக வேகமான சுழற்சி தேவை. அதை மெதுவான பள்ளத்தில் போட்டால் தாளில் பக்கவாட்டு ஓட்டை விழும், குண்டு புரண்டுகொண்டே போயிருக்கிறது என்று பொருள். உருண்டைக் குண்டை இன்லைனில் முழு மருந்தோடு சுட்டால் துணி பள்ளத்தை விட்டு வழுக்கிச் சிதறும். 40 கிரெயினுக்குக் குறைத்தால் ஓரளவு அடங்கிப் போகும். 1970இல் வந்த தாம்சன் சென்டர் ஹாக்கன் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நடுவழி பிடித்தது. இரண்டையும் சுமாராகச் சுடும்.

100 யார்டுக்குப் போனால் தாளே பேச ஆரம்பித்துவிடுகிறது. உருண்டைக் குண்டு காற்றைக் கிழிக்கத் தெரியாதது. அந்தத் தூரத்துக்குள்ளேயே வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். பக்கக்காற்று அதை இஷ்டத்துக்குத் தள்ளும். திறந்த குறிமுனை வழியே என் கண்ணுக்கு இலக்கு ஒரு புள்ளி. இன்லைனும் தொலைநோக்கியும் அங்கே சாதாரணமாக அடிக்கின்றன. மானைச் சுடுவதானால் நீளத்துப்பாக்கியோடு 60 யார்டுக்குமேல் நான் முயல்வதில்லை. காயத்தோடு ஓடவிட்டுப் பாரம்பரியம் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

இன்லைன் போலி என்று சுடுதளத்தில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் கிண்ணித்தீயைக் கண்டு பறவைகள் தப்புகின்றன என்று சலித்து, அடித்தால் வெடிக்கும் மருந்தால் பற்றவைக்கும் பூட்டுக்கு 1807இல் காப்புரிமை வாங்கினார். அன்றைக்கே இந்த வழி தொடங்கிவிட்டது. லங்காஸ்டர் கொல்லர்களும் தங்கள் காலத்தின் நவீனத்தைத்தான் செய்தார்கள். மிசௌரியின் டோனி நைட் 1985இல் எம்கே-85 இன்லைனைக் கொண்டுவந்தார். வாய்வழித் துப்பாக்கிக்கென ஒதுக்கிய பருவத்தில் கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போன உள்ளூர்க்காரர்கள் நம்பகமான ஒன்றைக் கேட்டார்கள். சட்டம் திறந்த கதவுவழியே புகுந்தது அது. பின்னர் சட்டமும் விழித்துக்கொண்டது. இன்று கொலராடோவில் அந்தப் பருவத்தில் தொலைநோக்கியும் மாத்திரை மருந்தும் பிளாஸ்டிக் உறையும் கூடாது; ஐடஹோவின் தனிப்பருவத்தில் 209 பிரைமருக்கே இடமில்லை. பென்சில்வேனியாவில் அக்டோபரில் ஒரு வாரம், கொம்பில்லாத மானுக்கு, இன்லைனோடு போகலாம். கிறிஸ்துமஸ் கழிந்து தொடங்கும் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல் மட்டுமே. எது பாரம்பரியம் என்பதை இங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதிப்புத்தகம்தான் முடிவு செய்கிறது. அதில் எனக்குப் புகார் இல்லை, விதி இல்லாவிட்டால் டிசம்பர் குளிரில் கிண்ணியைத் தோல்துண்டால் மூடிக்கொண்டு யார் அலைவார்கள்?

“எதை வாங்கட்டும் அண்ணாச்சி?” என்று அந்தப் பையன் கேட்டபோது, “மான் வேணும்னா இன்லைன், சுடக் கத்துக்கணும்னா கல்லு” என்றேன். இரண்டு வாரம் கழித்து, தொப்பி பிரைமர் வைத்து அடிக்கிற பழைய தாம்சன் சென்டர் ஹாக்கன் ஒன்றோடு வந்து நின்றான். அடகுக்கடையில் மலிவாகக் கிடைத்ததாம். தொப்பி பிரைமர் பொருந்தும் துருப்பிடித்த நிப்பிளைக் கழற்றவே எங்களுக்கு அன்று மதியமாகிவிட்டது.