ஆதிரையின் ஒளியை எழுதிவைப்பது

விண்மீனின் ஒளியை வெறுங்கண்ணால் மதிப்பிடக் கருவி எதுவும் தேவையில்லை. நல்ல இருட்டு வேண்டும், பொறுமை வேண்டும், கண்டதைக் கண்டபடி எழுதும் மனம் வேண்டும். இருட்டைக் கல்வராயன் மலை தருகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைக் கடந்து ஏறினால் வெள்ளிமலை. பனிக்காலத்து இரவில், சாமையும் மரவள்ளியும் விளைகிற மேட்டுநிலத்து வரப்பில் நின்றால் ஊர் வெளிச்சம் தென்கிழக்கில் அடிவானத்தோடு அடங்கிவிடும். மற்ற இரண்டையும் அவரவர்தான் பழகிக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக நான் பழகிவருவது அவற்றைத்தான்.

நான் பார்ப்பவை மாறொளி விண்மீன்கள். ஒளி கூடிக் குறைபவை. முதலில் கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் விட வேண்டும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்க வேண்டும்; செல்போனைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. பிறகு, ஒளி ஏறக்குறைய மாறாத இரண்டு விண்மீன்களைத் துணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று நம் விண்மீனைவிடப் பிரகாசமானது, இன்னொன்று மங்கலானது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைப் பத்துப் படிகளாகப் பிரித்து, நம்முடையது எந்தப் படியில் நிற்கிறது என்று கணிக்க வேண்டும். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது; பார்க்கப் பார்க்க அது பிரகாசமாவதுபோல் கண் ஏமாற்றும். சட்டென்று பார்த்துச் சட்டென்று விலக வேண்டும். அடிவானத்தை ஒட்டி இருப்பதை உச்சியில் இருப்பதோடு ஒப்பிடக் கூடாது. தாழ இருப்பதன் ஒளியைக் காற்று தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்று எழுதிய எண்ணைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. அது மனத்தில் இருந்தால் இன்றைய கண் அதற்கே இணங்கிப் போகும்.

நாங்கள் எழுதும் எண்ணுக்கு ஒளித்தரம் என்று பெயர். எண் குறைந்தால் ஒளி அதிகம். ஐந்து தரம் கூடினால் ஒளி நூறில் ஒரு பங்காகும். இந்த அளவுகோலை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன், 1861-இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே பணிபுரிந்தார். அவருடன் உழைத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியை நினைக்காமல் நான் குறிப்பேட்டைத் திறப்பதில்லை. 1867-இல் தென்வானத்தில் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர் அவர். 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்ததைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் விளக்கி நூல் வெளியிட்டார். வெள்ளிமலையிலிருந்து பார்த்தால் அவருடைய விண்மீன் தெற்கே சுமார் பதினைந்து பாகை உயரம்வரை ஏறி இறங்கும். அது ஒளிமிகுந்து நிற்கும் நாட்களில் பைனாகுலர் போதும். எவ்வளவு பெரிய மனிதர்! எத்தனை பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது?

மலைப்பள்ளி மாணவன் ஒருவன் வரப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டான். “சார், ஒரு நட்சத்திரம் மங்குனா நமக்கு என்ன சார்?”

நேர்மையான கேள்வி. நமக்கு ஒன்றுமில்லை என்பதே நேர்மையான பதில். இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1977-இல் வெளியிட்ட ‘முதல் மூன்று நிமிடங்கள்’ நூலின் கடைசிப் பக்கத்தில், பேரண்டத்தை எவ்வளவு புரிந்துகொள்கிறோமோ அவ்வளவுக்கு அது நோக்கமற்றதாகத் தோன்றுகிறது என்ற கருத்தை எழுதினார். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை அடுத்து, தேடிப் பார்க்கும் முயற்சியே மனித வாழ்வைச் சற்று உயர்த்துகிறது என்றும் அவர் சொல்கிறார். அந்த இரண்டாவது பாதியை நான் இந்த மலையில்தான் புரிந்துகொண்டேன்.

வானம் மனிதருக்குச் சேதி சொல்கிறது என்று நம்பிய காலம் உண்டு. அந்தக் காலத்துக் கவிஞர் ஒருவர் எங்கள் மாவட்டத்தோடு தொடர்புடையவர். திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றை, அவர் உயிர்நீத்த இடம் என்று ஊர் சொல்லும். புறநானூற்றின் 117-ஆம் பாடலில் கபிலர், சனி புகைவதையும் வால்மீன் தோன்றுவதையும் வெள்ளி தெற்கே செல்வதையும் அடுக்கிவிட்டு, அப்படி நேர்ந்தும் பாரியின் நாட்டில் மழை பொய்த்ததில்லை என்கிறார். வானத்துக் குறியைவிட மனிதனின் செங்கோல் பெரிது என்று அவருக்கு அன்றே தோன்றியிருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அந்த வாரங்களில்தான் திருவாதிரை விண்மீன் மங்கிக்கொண்டிருந்தது. மேலைநாட்டார் பெடல்ஜியூஸ் என்று அழைக்கும் சிவப்புப் பெருமீன் அது. வழக்கமாக 0.5 தரத்தை ஒட்டி நிற்கும். டிசம்பரில் ரோகிணியைவிட மங்கலானது. 2020 ஜனவரியில் ஆருத்ரா தரிசனம் வந்தபோது, கோயில்களில் களி படைத்துக் கும்பிட்ட நாளில், அந்த ஆதிரை வானத்தில் சோர்ந்து கிடந்தது. பிப்ரவரி நடுவில் 1.6. அருகிலுள்ள பெல்லாட்ரிக்ஸும் அதுவும் ஒரே அளவாகத் தெரிந்தன. வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான் மிச்சம். அது வெடித்துச் சிதறப்போகிறது என்று உலகமே பேசியது. நோக்குபவருக்குச் சோதனையான நாட்கள் அவை. ஒளி இன்னும் கீழே போகட்டும் என்று மனம் ஆசைப்படும். கண் அதற்குத் துணைபோகக் கூடாது.

மார்ச் முடிவில் கொரோனா ஊரடங்கு வந்தது. மலைக்குப் போக வழியில்லை. கள்ளக்குறிச்சி வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பார்த்தேன். என் தாயார் பிறந்தது திருவாதிரை நட்சத்திரத்தில். “என் நட்சத்திரம் மங்கிப்போச்சாமேப்பா, ஊருக்கு வந்த கேடு அதனாலயா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. அங்க நடந்தது அஞ்சாறு நூறு வருசத்துக்கு முன்னாடி. வெளிச்சம் இப்பத்தான் வந்து சேருது.”

“அப்ப அதுக்கு நம்மளத் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“ஏன் மங்குச்சு?”

“இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல.”

வருத்தப்படுவார் என்று நினைத்தேன். மறுநாள் விளக்கு வைத்ததும், “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்றார். அடுத்த நாளும் கேட்டார். தன் நட்சத்திரம் தனக்குச் சொல்லும் பலன் என்ன என்று பஞ்சாங்கத்தில் தேடியவர், அந்த விண்மீன் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார். ஏப்ரல் கடைசியில் அது பழைய ஒளிக்குத் திரும்பியதைச் சொன்னபோது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல முகம் மலர்ந்தது.

காரணம் 2021-இல் வெளியான ஆய்வில் கிடைத்தது. சிலி நாட்டிலுள்ள ‘மிகப்பெரிய தொலைநோக்கி’ என்று பெயர்கொண்ட கருவி எடுத்த படங்களை வைத்து, விண்மீன் வெளித்தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்தது என்று வானியலர்கள் விளக்கினார்கள். தூரக் கணக்கு இன்னும் முழுதாகத் தீராவிட்டாலும், அந்தத் தூசி எழுந்தபோது பூமியில் விசயநகர ஆட்சி நடந்திருக்கக்கூடும். யாரையும் எச்சரிக்க அது எழவில்லை. அப்படி இருந்தும் உலகெங்கும் எத்தனையோ பேர் மாடியிலும் வயலிலும் நின்று அதன் ஒவ்வொரு நாள் ஒளியையும் எழுதிவைத்தார்கள். நம்மை அறியாத ஒன்றின்மேல் இவ்வளவு அக்கறை கொள்ள முடிகிற உயிர் இந்தப் பேரண்டத்தில் தோன்றியிருப்பதே எனக்குப் பெரிய வியப்பு. அர்த்தம் என்று ஒன்றைத் தேடினால் எனக்கு அங்கேதான் கிடைக்கிறது.

இந்தத் தொழிலில் நான் குருவாகக் கொள்பவர் ராதா கோபிந்த சந்திரா. இன்றைய வங்கதேசத்தின் ஜெசோரில், அரசுக் கருவூலத்தில் நாணயம் எண்ணும் வேலை பார்த்தவர். 1954 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 37,000-க்கும் அதிகமான மதிப்பீடுகளை அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். பெரிய பட்டம் எதுவும் இல்லை. அவருடைய உழைப்பைப் பார்த்துச் சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல்கடந்து அனுப்பியது. அவருக்குப் பின் அது வானியலர் வேணு பாப்புவிடம் சேர்ந்து, எங்கள் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்கு வந்தது.

மார்கழி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கிழக்கே பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மையாக ஒளிர்வது திருவாதிரை. உயரே செம்மஞ்சளாக இருப்பது ரோகிணி. எது பிரகாசம், எவ்வளவு பிரகாசம் என்று தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். அடுத்த மார்கழியிலும் எழுதுங்கள். 1911-இல் தொடங்கிய அந்தச் சங்கம் வெறுங்கண் மதிப்பீடுகளை இன்றும் வாங்கிக்கொள்கிறது.