வெள்ளம் வடிந்த கிளிநொச்சியில்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், ஆனையிறவையும் பரந்தனையும் கடந்ததும் அடைவது கிளிநொச்சி. அங்குள்ள வயல்களுக்கு உயிரூட்டுவது இரணைமடுக் குளம். வாழவைக்கும் அந்நீரே வருத்தவும் வல்லது என்பதை 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கண்டேன்.

அம்மாதம் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையால் குளம் நிரம்ப, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆற்றை அடுத்த தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. அங்கேதான் என் தமக்கையார் வீடு. நான்கு நாட்களின் பின் யான் சென்றபோது வயல்கள் சேற்றுவெளியாய்க் கிடந்தன. அக்கா என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றே: "தம்பி, அப்பாவின்ரை கார் இனி ஓடுமோ?"

எங்கள் தந்தையார் ஓட்டிய மொறிஸ் மைனர் அது. அத்தான் காலமானபின், மருமகன் அதனை வாடகைக்கு ஓட்டியே குடும்பத்தைத் தாங்கிவந்தான். இருக்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், கதவின் உட்புறம் சேற்றுக்கோடு படிந்திருந்தது. மருமகன் இரவல் வாங்கிய பற்றறியைப் பூட்டி முடித்திருந்தான். யானும் பதற்றத்தில் திறப்பை இட்டுத் திருகப்போனேன்.

"மாஸ்ரர், தொடாதேங்கோ!" என்றார் அவ்வேளை வந்த முதிய மெக்கானிக். "சிலிண்டருக்குள்ளை தண்ணி நிண்டால், பிஸ்டன் எதை அமத்தும்?"

பௌதிகம் கற்பிக்கும் யான் நாணித் தலைகுனிந்தேன். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. எஞ்சின் சுழன்றிருப்பின் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்திருக்கும்.

அவர் முதலிற் பற்றறிக் கம்பியைக் கழற்றினார். பின் நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, முன்புறக் கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுழற்றினார். ஒரு துளையிலிருந்து கலங்கல் நீர் பீறிட்டது! எஞ்சினின் அடியாணியைத் திறந்தபோதும் முதலில் வந்தது நீர், பின்னரே ஒயில். பெற்றோல் தாங்கியிலும் அவ்வாறே. கனத்த நீர் அடியில் தங்குமன்றோ!

கியர்ப்பெட்டியினதும் பின் அச்சினதும் ஒயில்கள் மாற்றப்பட்டன. காபரேற்றர் கழுவப்பட்டது. பிரேக் உருளைகளிலிருந்து அள்ளிய சேறு ஒரு கடகம் நிறைந்தது. இருக்கைகள் வெயிலிற் காய்ந்தன. புதிய கார்களாயின் இலத்திரனியற் பெட்டிகள் பல பழுதாகியிருக்கும். இக்கிழவண்டியில் அவை இல்லாமையே எமக்கு அனுகூலமாயிற்று.

மூன்றாம் நாள் மாலை, இருமுறை இருமி, எஞ்சின் உயிர்பெற்றது. சிறிது நேரம் ஓடவிட்டு, எஞ்சிய ஈரம் நீங்க ஒயிலை மீண்டும் மாற்றினார். அக்கா சேலைத்தலைப்பாற் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாட் காலை முறிகண்டிக்குச் சென்றோம். அவ்வழியே செல்லும் வாகனங்கள் தரித்துச் செல்லும் பிள்ளையார் சந்நிதி அது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மருமகனே வண்டியைச் செலுத்தினான்.

இன்றும் வகுப்பிலே திரவங்களின் இயல்பைக் கற்பிக்குந்தோறும், எனக்கு அப்பாடத்தைப் புகட்டிய அம்முதியவரின் ஒயில் படிந்த கைகளே என் நினைவில் எழுகின்றன.