மூன்று மணி நேரக் கல்யாணம்

சிங்கப்பெருமாள் கோயில் என்று ஊருக்கே பெயர் கொடுத்துவிட்ட பாடலாத்ரி நரசிம்மர், குன்றைக் குடைந்த குகையில் வீற்றிருப்பதால், அவரைப் பிரதக்ஷிணம் செய்ய விரும்புகிறவர் அந்தக் குன்றையே சுற்றி வரவேண்டும். குறுக்கு வழி கிடையாது. அவ்வாறு சுற்றி முடித்து, என் தமக்கையின் 1991-ஆம் வருஷத்துக் கல்யாணக் கேசட்டை மஞ்சள் பையில் இடுக்கிக்கொண்டு, ஒரகடம் சாலைப் பக்கம் மாடிப்படியின் கீழ் ஒடுங்கியிருந்த ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் கேசட்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. இருபது வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஒருவர் அதை வி.சி.டி.யாக மாற்றித் தந்தார். மூலத்தில் கண்ணுக்குப் புலப்படும் வரிகள் 576, வி.சி.டி.யில் 288 மட்டுமே. பாதிப் படத்துக்கு முழுக் கூலி வாங்கிக்கொண்ட அந்தப் புண்ணியவான், கேசட்டை இனித் தூக்கியெறிந்துவிடலாம் என்று யோசனையும் சொன்னார். சி.டி. பூச்சுதிர்ந்து போயிற்று, என் தாயார் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்த கேசட்தான் மிஞ்சியது.

ஸ்டூடியோக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் லைட் பாயாகத் தொழிலுக்கு வந்தவர். கேசட்டை வாங்கியவர் டெக்கில் போடாமல், முன்மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“பூஞ்சை, சார். இப்படியே ஓட்டினா டேப்பும் போயிடும், ஹெட்டும் போயிடும். மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்திலேர்ந்து வர்றதெல்லாம் இப்படித்தான். கடல் காத்து.”

ஐந்து திருகாணிகளைக் கழற்றி, முகமூடி அணிந்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, காயலான் கடையில் வாங்கி ஹெட்டைக் கழற்றிவிட்ட பழைய டெக் ஒன்றில் மெல்லிய துணியின்மேல் உரசும்படி மெதுவாக ஓடவிட்டார். துணியில் வெண்பொடி படிந்தது. இந்தச் சுத்திகரிப்புக்கே முற்பகல் முழுதும் கழிந்தது.

1976-இல் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட இந்த வி.எச்.எஸ். முறையின் சூட்சுமம் வியக்கத்தக்கது. அரை அங்குல அகலமுள்ள நாடா விநாடிக்கு 23 மில்லிமீட்டர் சொச்சமே ஊர்கிறது. அந்த ஆமை நடையில் பிம்பத்தைப் பதிக்க இயலாதாகையால், சாய்வாக அமைந்த ஓர் உருளை, தன் விளிம்பில் இரு ஹெட்டுகளைத் தாங்கி நிமிஷத்துக்கு 1500 தடவை சுழன்று, சரிவான கோடுகளாக எழுதியதை எழுதியபடியே படித்துக் காட்டுகிறது. நாடா சிறிது நீண்டிருந்தாலும், ரப்பர் உருளை தேய்ந்திருந்தாலும், வரிகள் முன்பின்னாக வந்து சேரும். பழைய டி.வி. அதைப் பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பொறுக்காமல் படங்களைத் தவறவிடும், கடைசியில் உதடு ஒரு பக்கமும் மந்திரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும். ஆகவே டெக்குக்கும் கேப்சர் கார்டுக்கும் இடையே, வரிகளை வாங்கி ஒழுங்குபடுத்தி அனுப்பும் டைம் பேஸ் கரெக்டர் என்ற பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார். அதன் விலையைக் கேட்டபோது, மனைவி இருக்கும்போது கேட்காதீர்கள் என்றார்.

பிற்பகலில் கல்யாணம் ஆரம்பமாயிற்று. மூன்று மணி நேர நாடா மூன்று மணி நேரம் ஓடியே தீரவேண்டும். இதில் அவசரத்துக்கு இடமில்லை. நான் திரையில் என் தகப்பனாரின் கறுத்த தலைமுடியைப் பார்த்து மெய்மறந்திருக்க, ஸ்டூடியோக்காரரோ முதுகைத் திரைக்குக் காட்டி, டெக்கின் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

“படத்தை அப்புறமாப் பாத்துக்கலாம், சார். டேப் இழுபட்டா மொதல்ல சத்தம்தான் மாறும்.”

அவ்வாறு இருமுறை மாறிற்று. இருமுறையும் திரை கலங்குமுன்பே அவர் விரல் பொத்தானை அமுக்கி, மெல்லிய தோலை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைத்தது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியபின் புதிய டெக்குக்கு வழியில்லை. கட்டிலின் கீழ் ஆறு டெக்குகளை உதிரி பாகங்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாராம்.

தாலி கட்டும் தருணத்தில்மட்டும் திரும்பிப் பார்த்து, “லைட்டை இறக்கிட்டான் பாருங்க, பொண்ணு மூஞ்சியில நிழல்” என்று சலித்துக்கொண்டார். நாதஸ்வரத்தை அமிழ்த்திச் சினிமாப் பாட்டை மிக்ஸிங் செய்திருந்ததும், மணமக்கள் இதய வடிவச் சட்டத்துக்குள் சுழன்றதும் எனக்குக் கூச்சமளித்தன, வெட்டிவிடலாமா என்றேன். மூலத்தில் கை வைக்க அவர் இசையவில்லை. மணிக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும் டி.வி. (DV) கோப்பாக முழுதையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றியபின், வீட்டார் பார்ப்பதற்குச் சிறிய பிரதி ஒன்றைப் பென்டிரைவில் தருவது அவர் வழக்கம். வெட்டுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

பந்தி முடிந்து, வழியனுப்புதலும் முடிந்து, திரையில் வெறும் புள்ளிகள் பொரியத் தொடங்கியதும் எழுந்தேன்.

“உக்காருங்க சார், டேப் இருக்கே.”

ஏதேனும் வருமா என்று கேட்டேன். வந்தாலும் வரலாம் என்றார். செங்கற்பட்டு மின்ரயில் ஒன்று கடந்து சென்றது. நான் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோதும் வெற்று நாடா ஓடிக்கொண்டிருந்தது. அவர் காது டெக்கை விட்டு அகலவில்லை.