ஒன்றரை மில்லிமீட்டர் வண்டும் அதைத் தேடும் கைகளும்

மேலே கிடக்கும் காய்ந்த சருகு வேண்டாம். அதை ஒதுக்கிவிட்டு, அடியில் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடி, கறுத்துக் கிடக்கும் ஈரச் சருகைத்தான் அள்ள வேண்டும். பெருமரத்தின் பக்கவேர்கள் கூடும் மூலை என்றால் இன்னும் நல்லது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் காடர் சமூகத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர். ஆனைமலையில், வால்பாறைப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் வெடிப்பலாக் காட்டில், வனத்துறை அனுமதியோடு வந்திருந்த ஆய்வு மாணவிக்கு அவர்தான் துணை. எந்த மரத்தடி என்று முடிவு செய்வதும் அவர்தான். "அண்ணா காட்டுற இடத்துல சலிச்சா பை வெறுமையா வந்ததே இல்ல சார்" என்றார் மாணவி.

சலிக்கும் கருவி மிக எளிமையானது. நீண்ட துணிப்பை, அதன் வாயில் கைப்பிடி வைத்த இரும்பு வளையம், ஒரு சாண் கீழே கம்பிவலை பூட்டிய இன்னொரு வளையம், அவ்வளவுதான். சருகைப் போட்டு இரண்டு வளையங்களையும் பிடித்து உலுக்கினால் இலையும் குச்சியும் வலைமேல் நிற்கும், மக்கிய பொடி பையின் அடிக்கு இறங்கும். உலுக்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வேகம் கூடினால் சின்ன உயிர்கள் நசுங்கும். குறைந்தால் அவை சருகைப் பற்றிக்கொண்டு மேலேயே தங்கிவிடும். அந்தப் பக்குவம் காவலரின் கையில் படிந்திருந்தது. காலில் ஏறும் அட்டையைக்கூட அவர் ஒரு சுற்று உலுக்கி முடித்த பிறகுதான் தட்டிவிட்டார்.

அன்று முழுவதும் காட்டில் எங்களில் யாரும் ஒரு வண்டைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. கிடைத்தது மூட்டை மூட்டையாகப் பொடி. தங்குமிடத்தில் அதை வலைப்பைகளில் நிரப்பி, மூடிய துணிக் கூண்டுகளுக்குள் தொங்கவிட்டார்கள். கூண்டின் அடி குறுகி ஒரு ஆல்கஹால் குடுவையில் முடிகிறது. பொடி உலர உலர உள்ளிருக்கும் உயிர்கள் இடம்தேடி அலைந்து, வலைக்கு வெளியே வந்து, குடுவைக்குள் விழுகின்றன. விங்க்லர் பை என்று அதற்குப் பெயர். மின்சாரம் தேவையில்லை, இரண்டு மூன்று நாள் பொறுமை போதும்.

இந்த மலைக்கு இந்த வேலை புதிதல்ல. ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குளோட் பெசூஷேவும் இவான் லோப்லும் 1972 நவம்பரில் ஆனைமலையிலும் பழனி மலையிலும் இதேபோலச் சருகு சலித்தார்கள். அவர்கள் கொண்டுபோன குடுவைகளிலிருந்து புது இனங்கள் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வெளிவந்துகொண்டே இருந்தன. சேகரித்த ஆண்டு ஒன்று, பெயர் பெற்ற ஆண்டு வேறு. ஓர் உயிரினம் முதலில் சேகரிக்கப்படுவதற்கும் முறையாக விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிவதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. காட்டில் வண்டுக்குப் பஞ்சமில்லை. மேசைமுன் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த மேசையைச் சமவெளியில் இருக்கும் ஒரு ஆய்வகத்தில் பார்த்தேன். குடுவையைத் தட்டில் கவிழ்த்து, நுண்ணோக்கியின் கீழ், மூன்றே மயிர் விட்டு வெட்டிய தூரிகையால் மாணவி பிரித்துக்கொண்டிருந்தார். எறும்பு ஒரு பக்கம், உண்ணி ஒரு பக்கம், வண்டு தனியாக. அவர் தேடுவது செலாஃபினே என்ற துணைக்குடும்பத்து வண்டுகளை. ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், வயிற்றை முழுக்க மூடாத குட்டை மேலிறகு, நுனி தடித்த உணர்கொம்பு. சருகுக்குள் இன்னும் சிறிய உயிர்களை வேட்டையாடித் தின்பவை. இவற்றையும் பெரிது என்று சொல்ல வைக்கும் வண்டுகள் உண்டு. நிகரகுவாவிலிருந்து 1999இல் விவரிக்கப்பட்ட ஸ்கைடோசெல்லா முசவாசென்சிஸ், பிறகு கொலம்பியாவில் பூஞ்சைமேல் கிடைத்து, 2015இல் அளக்கப்பட்டது. அளந்தவற்றில் மிகச் சிறியதன் நீளம் 0.325 மில்லிமீட்டர்.

வெளித்தோற்றத்தில் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருக்கும் இரண்டு இனங்களைப் பல வேளைகளில் ஆண் உறுப்பின் வடிவம்தான் பிரித்துக் காட்டும். அதனால் வண்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வயிற்று நுனியைத் திறந்து, அந்த உறுப்பை மெல்லிய ஊசியால் வெளியே எடுக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தசையைக் கரைத்துவிடும், விறைப்பான கூடு மட்டும் நிற்கும். அதைக் கண்ணாடித் தகட்டில் கனடா பால்சம் என்ற பிசினில் பதித்து, நுண்ணோக்கியோடு இணைந்த வரைகுழாய் வழியாகப் பார்த்துப் பென்சிலால் வரைகிறார்கள். "போட்டோ எடுத்தா போதாதா?" என்று கேட்டேன். "போட்டோ எல்லாத்தையும் காட்டும் சார். வரையறப்பதான் எது முக்கியம்னு நான் முடிவு பண்ணியாகணும்" என்றார். இந்தக் கைவேலையின் அறிவு முழுவதும் அந்தப் பதிலில் இருப்பதாக எனக்குப் பட்டது.

வரைந்த படத்தை ஜெனீவா மாதிரிகளிலிருந்து அச்சான படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். உறுப்பின் நுனி வளைவு எதோடும் பொருந்தவில்லை. உடனே மகிழ்ந்துவிட முடியாது. ஒரே இனத்துக்குள் வரும் வேறுபாடா என்று பார்க்க மற்ற ஆண் வண்டுகளையும் திறந்தார். எல்லாவற்றிலும் அதே வளைவு. புது இனம் பிறந்தது அந்த மேசையில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அச்சில் வரும்வரை பெயரை வெளியே சொல்வது முறையல்ல என்பதால் இங்கே எழுதவில்லை.

ஒரே ஒரு வண்டு அந்தப் பெயரைச் சுமக்கும் மூல மாதிரியாகிறது. ஆய்வகத்தில் ஹோலோடைப் என்பார்கள். முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில், நீரில் கரையும் பசையால் ஒட்டி, ஊசி குத்தி, சிவப்பு லேபிள் இடுவார்கள். உயிரியல் பன்மயச் சட்டம், 2002இன்படி புது இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இது கொல்கத்தாவுக்கு, இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறைக்குப் போகும். இனி ஆனைமலை வண்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

நிறைவில்லாத விஷயமும் இருக்கிறது. மாணவியின் உதவித்தொகை முடியப்போகிறது. இத்தனை ஆண்டுகளில் அவர் கண்ணும் கையும் பெற்ற பயிற்சிக்கு ஏற்ற வேலை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. காவலரோ தற்காலிக ஊதியத்தில் இருப்பவர். இந்த இருவரும் நிலையாக நிற்காவிட்டால் அடுத்த குடுவையும் அலமாரியில்தான் கிடக்கும். கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்குபவர்கள் இந்தக் கைகளுக்கும் ஒதுக்க வேண்டும்.

நான் கிளம்பும் நாளில் மாணவி லேபிள் அடித்துக்கொண்டிருந்தார். இடம், உயரம், தேதி, சருகு சலிப்பு என்ற முறை, சேகரித்தவர் பெயர். பழைய லேபிள்களில் பெரும்பாலும் விஞ்ஞானியின் பெயர் மட்டும்தான் இருக்கும். இவர் காவலரை போனில் அழைத்தார். "அண்ணா, சேகரிச்சவங்கன்னு உங்க பேரையும் போடலாமா?"

"போடு பாப்பா. வால்பாறைன்னு மட்டும் போட்டா எப்படி? எங்க குடி பேரையும் சேர்த்துப் போடு."

ஊர்ப்பெயர் சேர்ந்ததும் வரி நீண்டுவிட்டது. எழுத்தின் அளவைக் குறைத்து, லேபிளை மறுபடி அடித்தார்.