வலிகாமம் வடக்கிலே வீடு திருத்துவோர்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்’ என்பது முன்னோர் வாக்கு. பாழடைந்த வீட்டைத் திருத்திப் பார் என்று அவர்கள் கூறினாரில்லை. அவ்வநுபவத்தை வலிகாமம் வடக்கு மக்களுக்கென்றே காலம் வைத்திருந்தது போலும்! சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் சென்ற நாம், கொந்தராத்துக்காரரின் துணையின்றித் தம் வீடுகளைத் தாமே திருத்தும் குடும்பங்கள் சிலவற்றைக் கண்டு வந்தோம்.

சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடக்கும்வரை செம்மண் தோட்டங்கள் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைத் தாண்டியதும் காட்சி மாறுகின்றது. 1990ஆம் ஆண்டில் இப்பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். பின்னர் காணிகள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இலேதான் மக்கள் கைக்கு மீண்டது. திரும்பி வந்தோரை வரவேற்றவை கூரையிழந்த சுவர்களும், நிலைகள் பெயர்க்கப்பட்ட வாயில்களும், முற்றத்தில் ஓங்கி வளர்ந்த ஆலும் அரசுமே.

அத்தகைய நாற்சார் வீடொன்றில் சிறிது நேரம் தங்கினோம். வீட்டுக்குரியவர் கணவரை இழந்த ஓர் அம்மையார். முழு வேலையையும் ஏற்க வந்த கொந்தராத்துக்காரர் கேட்ட தொகை அவருடைய கையிருப்பைப்போல் இருமடங்கு. ஆகவே மேசன், ஓடாவி, மின்னிணைப்பு வேலையாளர் ஆகியோரைத் தனித்தனியே அமர்த்தித் தாமே வேலையை நடத்துகின்றார். அவருக்குத் துணை ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. அதன் ஒரு பக்கத்தில் வேலைகளின் ஒழுங்கு. மறு பக்கத்தில் வந்திறங்கிய சீமெந்து, மணல், கம்பி ஆகியவற்றின் அளவும் கொடுத்த கூலியும்.

“ஐயா, கூரை முதல், நிலம் கடைசி. மாரிக்கு முன்னம் ஓடு ஏறாவிட்டால் கீழே செய்ததெல்லாம் வீணாய்ப் போய்விடும்” என்றார் அவர்.

இவ்வொழுங்கே இத்தொழிலின் உயிர்நாடி. சுவரில் ஓடிய மரவேர்களை முற்றாக அகற்றிய பின்பே வெடிப்புகளை அடைத்தல் வேண்டும். மேலே வெட்டிவிட்டால் வேர் மீண்டும் தளிர்க்கும். அடுத்துக் கூரை. யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்கின்றதாதலால் அதற்குமுன் ஓடு ஏறவேண்டும். பின்னர் சுவருக்குள் செல்லும் மின்கம்பிகளும் நீர்க்குழாய்களும், அவற்றின்பின் பூச்சு, ஈற்றில் நிலமும் வர்ணமும். பூச்சை முந்திச் செய்தவர் அதனை மீண்டும் உடைத்து இரட்டைக் கூலி கொடுப்பார்.

அவ்வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புக் கல்லால், சுண்ணாம்புச் சாந்து கொண்டு எழுப்பப்பட்டவை. இளைய மேசன் சீமெந்துப் பூச்சே போதும் என்றாராம். அயலிலிருந்த முதியவர் ஒருவர் தடுத்துள்ளார். பழஞ்சுவர் தன் ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். சீமெந்து அதனை உள்ளே அடைத்துவிடும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். எனவே சுண்ணாம்பே பூசப்பட்டது. இந்நிலத்துக் கல்லை நம்பி 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் ஓய்ந்தது. இன்று சீமெந்துப் பை வேற்றிடங்களிலிருந்தே வருகின்றது.

கடலோரக் கிணறுகள் சில உவர்நீர் உடையவை. அந்நீரிற் குழைத்த கொங்கிறீற்றினுள் கம்பி துருப்பிடிக்கும். ஆதலால் அம்மையார் நன்னீரைத் தூரத்துக் கிணற்றிலிருந்து வருவிக்கின்றார். புதுக் கொங்கிறீற்றைக் குறைந்தது 7 நாளேனும் நனைத்தல் வேண்டும். கூலியாட்கள் மாலையிற் சென்றுவிடுவர். நனைக்கும் பணி அவருக்கும் மகளுக்குமே உரியது.

வீட்டுக்காரரே வேலை நடத்தும் முறை வடக்கிற்குப் புதியதன்று. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் முதல் 1,000 வீடுகள் ஒப்பந்த நிறுவனத்தின் வாயிலாக எழுந்தன. 2012 ஒக்டோபரில் ஆரம்பித்த அடுத்த கட்டத்திலோ, வடக்குக் கிழக்கில் குடும்பங்களே பொறுப்பேற்றன. புது வீட்டிற்கு 550,000 ரூபாவும் திருத்தத்திற்கு 250,000 ரூபாவும் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டன. ஆசை மிகுதியால் அத்திவாரத்தைப் பெரிதாக இட்டவர்கள் பாதிச் சுவரோடு கடனாளிகளாயினர். அளவறிந்து தொடங்கியோர் கூரை கண்டனர்.

கொந்தராத்துக்காரருக்கு நாம் கொடுப்பது இலாபம் மட்டுமன்று. ஒழுங்குக்கும் மேற்பார்வைக்கும் உரிய விலையும் அதில் அடங்கும். அவரை விலக்குவோர் அவ்விரண்டையும் தாமே சுமத்தல் வேண்டும். கொழும்பிலோ கடல் கடந்தோ இருந்துகொண்டு தொலைபேசியில் வேலை நடத்த எண்ணுவோருக்கு இம்முறை பொருந்தாது. அத்திவாரம் இறங்கிச் சுவர் பிளந்திருப்பின் பொறியியலாளரின் ஆலோசனையும் இன்றியமையாதது.

2015 முதல் காங்கேசன்துறைவரை மீண்டும் புகைவண்டி ஓடுகின்றது. கீரிமலைக்கு நீராடச் செல்லும் குடும்பங்களும் மாணவர்களும் இவ்வூர்களிற் சிறிது தாமதித்து, அங்கே எழும் வீடுகளையும் கண்டு வருவார்களாக. சுவர் எழும் முறையோடு, ஒரு குடும்பம் மீண்டும் வேரூன்றும் முறையையும் அங்கே கற்கலாம்.