பிரேக்கும் ஒரு கொப்பியும்

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஊரெல்லாம் மெக்கானிக்தான். என்ஜின் இரைந்தால் ஒருவர், புகை கக்கினால் இன்னொருவர் என்று வழியில் போவோரும் நின்று வைத்தியம் சொல்வார்கள். பிரேக்கில் பிழை என்றால் மட்டும் எல்லோருமே சற்று விலகி நின்று பேசுவார்கள். ஓடாத கார் யாரையும் கொல்வதில்லை. நிற்காத கார்தான் கொல்லும்.

எங்கள் வீட்டுக் கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். வாப்பா வாங்கியது, அவருக்குப் பின் என் கைக்கு வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் கார், இலங்கையில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் டாக்டர்மாரும் பெரிதும் விரும்பிய வாகனம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில் எங்களைப் போன்ற பலர் வீட்டிலிருந்த பழைய வாகனத்தைத்தான் நம்பியிருந்தோம். உம்மாவை மாதமொரு முறை மாவனல்லையிலிருந்து பேராதனை வைத்தியசாலைக் கிளினிக்குக் கூட்டிப் போவதற்கு எங்களுக்கு மைனரை விட்டால் வேறு வழியில்லை.

அந்த வழியில் கடுகண்ணாவை இருக்கிறது. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ், முன்னால் சாமான் லொறி, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அந்த இறக்கத்தில்தான் எங்கள் காருக்கு நோய் வந்தது.

இறக்கம் முடிந்து ஹிங்குலைக்கு வரும்போது கார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கனக்கும். கருகிய வாடை வரும். இடது முன் சில்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாது. அரைமணித்தியாலம் நிழலில் நிறுத்தி வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

முதல் கராஜில் ஓடிப் பார்த்துவிட்டு, பிரேக் அடித்தால் வலப்பக்கம் இழுக்கிறது, வலது ட்ரம்மில்தான் பிழை என்று அந்தப் பக்க லைனர்களை மாற்றினார்கள். இரண்டாவது கராஜில், இல்லை, இடப்பக்கம்தான் இழுக்கிறது என்றார்கள். இடது சில்லில் உள்ள இரண்டு சிலிண்டர்களையும் புதிதாகப் போட்டார்கள். மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இவ்விரண்டு சிலிண்டர்கள். பின் சில்லுக்கு ஒவ்வொன்று. மூன்றாவது கராஜ், தாய் சரியில்லாமல் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன் என்று மாஸ்டர் சிலிண்டரில் கை வைத்தது. சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும் அதைக் கழற்றுவதற்கே ஒரு பகல் போயிற்று. ஒவ்வொரு முறையும் கராஜைச் சுற்றி ஒரு மைல் ஓட்டிக் காட்டுவார்கள். எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த கிளினிக் நாளில் ஹிங்குலையில் அதே வாடை வரும்.

மூன்றாவது கராஜிலிருந்து வந்த அன்று, நான் ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். திகதி, மீற்றரில் உள்ள மைல், மழையா வெயிலா, பிரேக் எத்தனை தூரம் இறங்குகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு நேரம் நின்றபின் விடுகிறது. இரண்டு மாதம் எழுதியபின் அதைக் கொண்டுபோய் ஊரிலுள்ள வயதான பாஸ் ஒருவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் கொப்பியை முதலில் வாசித்தார். காரை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

"சேர், இதுல ரெண்டு மாதிரி எழுதீக்கிது. பெடல மிதிச்சா வலப்பக்கம், கால எடுத்தா இடப்பக்கம். ரெண்டும் உண்மையா?"

"ரெண்டும் உண்மைதான் நானா."

"அப்ப ரெண்டு கராஜ்காரரும் பொய் செல்லல்ல. ஆளுக்குப் பாதி கண்டீக்கிறாங்க."

அடுத்த நாள் என்னோடு கடுகண்ணாவைக்கு வந்தார். டோசன் கோபுரத்தடியில் காரைத் திருப்பிக் கீழே இறங்கினோம். நோய் வழமைபோல் வந்தது. ஹிங்குலையில் ஒரு சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, இடது முன் பக்கத்தை ஜாக்கில் தூக்கினார். சில்லு அசையவில்லை.

இரும்புக் குழாயும் றப்பர் ஹோஸும் சேருமிடத்தில் நட்டைச் சற்றே இளக்கினார். ஒரு துளி ஒயில் கசிந்தது. சில்லு இன்னும் இறுகித்தான் நின்றது. "மாஸ்டர் சிலிண்டர் ஒயில விடாம வெச்சீந்தா இப்ப சில்லு சுத்தணும். அதுல குத்தமில்ல" என்று நட்டை இறுக்கினார். பிறகு சில்லுப் பக்கத்தில் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்தார். ஒயில் பீறிட்டது. அந்தக் கணமே சில்லு விட்டுக் கொடுத்தது. "லைனரோ ஸ்பிரிங்கோ சிக்கீந்தா, இதத் தொறந்தும் சுத்தாது. இதுகளிலயும் குத்தமில்ல. அப்ப மிச்சம் என்ன?"

மிச்சம் ஒரு சாண் நீளமான றப்பர் ஹோஸ். மூன்று கராஜ்களிலும் துடைத்துப் பார்த்து, வெடிப்பில்லை, கசிவில்லை, நல்லதாக இருக்கிறது என்று விட்டுவைத்த அதே ஹோஸ்.

மறுநாள் அதைக் கழற்றி நீளவாக்கில் வெட்டிக் காட்டினார். வெளியே கறுப்பாக, முழுதாக இருந்தது. உள்ளே றப்பர் வீங்கி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் துவாரம் மிஞ்சியிருந்தது. எல்லாம் விளங்கியது. பெடலை மிதிக்கும்போது இடப்பக்கத்துக்கு ஒயில் பிந்திப் போகிறது. வலது முந்திப் பிடிப்பதால் கார் வலப்பக்கம் இழுக்கிறது. காலை எடுத்ததும் வலது விடுகிறது, இடதிலுள்ள ஒயில் திரும்பி வர வழியில்லாமல் நிற்கிறது. இறக்கத்தில் ட்ரம் சூடேற, அடைபட்ட ஒயிலும் சூடேறி விரிந்து இன்னும் இறுக்குகிறது. ஆறினால் மெல்ல மெல்ல விடுகிறது. சமதரையில் ஒரு மைல் ஓட்டினால் இதில் எதுவுமே தெரியாது.

மைனரில் ஹோஸ் மூன்று. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. மூன்றையும் மாற்றச் சொன்னார். ஒன்றுக்கு வயது போனால் மற்றதுக்கும் போயிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். கம்பியால் பின் சில்லுகளைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றே மிஞ்சும். கடுகண்ணாவை இறக்கத்தில் அது எந்த மூலைக்கு?

பழைய ஒயிலையும் முழுதாக வெளியேற்றினார். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்தால் அது 155 பாகை வரைக்கும் இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் தரைக்குப் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று வாப்பா சொல்லித் தந்ததன் பொருளும் இதுதான். என்ஜின் தாங்கவேண்டிய பாரத்தை ட்ரம்மின் தலையில் போடக்கூடாது.

பாஸிடம் கூலி கேட்டேன். மூன்று கராஜ்களுக்கும் கொடுத்ததில் அது ஒரு சிறு பங்குகூட இல்லை. "மாத்துறது லேசு சேர். எதுல குத்தமில்லன்டு காணுறதுதான் வேல" என்றார். அந்த வார்த்தை என்னோடு தங்கிவிட்டது. கராஜில் மட்டுமல்ல, எழுத்திலும் சமூகத்திலும் நாங்கள் கண்ணுக்குத் தெரியும் பாகத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் ஒருவர் பொய்யர் என்று தீர்மானித்துவிடுகிறோம். இருவரும் ஆளுக்குப் பாதியைக் கண்டிருக்கலாம் என்று நினைக்க, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கும் பொறுமை வேண்டியிருக்கிறது.

பிரேக் சரியில்லாத அந்த மாதங்களில் உறவினர் ஒருவர், "அல்லாஹ் பாத்துக்குவான், யோசிக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகையைக் கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. பாதையில் எதிரே வருபவனின் உயிரும் நமது காலடியில் உள்ள பெடலில் ஓர் அமானிதம்தான்.

இப்போதெல்லாம் ஹிங்குலையில் நிற்க வேண்டிய தேவையில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மாவிடம் பிரேக் திருந்திவிட்டது என்று சொல்லியாயிற்று. கேட்டுக்கொண்டார். ஆனாலும் கடுகண்ணாவையில் கார் இறங்கத் தொடங்கியதும் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு ஓதுவதை அவர் விடவில்லை. நானும் கொப்பியில் எழுதுவதை விடவில்லை.